வெனெரா பிரித்த வீடு

எங்கள் ஊரில் எரிமலையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அவள்' என்றால் போதும். எட்னா என்பதெல்லாம் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு. அவள் கக்கிய மண்ணில்தான் எங்கள் திராட்சை விளைகிறது. அந்தத் திமிர் அவளுக்கு நிறையவே உண்டு.

வெனெரா என் பக்கத்துத் தோட்டக்காரி. சிறுமியாக இருந்தபோது எரிகுழம்பு அவள் அப்பா வீட்டைத் தின்றது. குழம்பைத் தடுத்து நிறுத்துவாள் என்று நம்பி, அப்பா கடைசிவரை புனித அகத்தம்மாள் சுரூபத்தைச் சுமந்து பவனி போனாரே தவிர, ஒரு கதவைக்கூடக் கழற்றவில்லை. கட்டிய துணியோடு வெளியேறி, தம்பி வீட்டு ஆட்டுக் கொட்டிலில் கிடந்து செத்தார். வெனெரா அதை மறக்கவே இல்லை.

அவள் புருஷன் நுன்சியோ ஜெர்மனியில் செங்கல் சூளையில் வெந்து சம்பாதித்து வீடு கட்டினான். நல்ல ஓடு, நல்ல உத்திரம், சுற்றிலும் திராட்சை. எனக்கே பொறாமையாக இருக்கும்.

ஒரு வசந்தத்தில் மலையானவள் வயிற்றைத் திறந்தாள். முதலில் போனது என் வீடு. நான் ரேடியோவையும் பூனையையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். என் சோம்பேறித்தனம் ஊரறிந்தது. அடுத்து குழம்பு வெனெராவின் தோட்டத்துப் பக்கம் திரும்பியது. வண்டி வண்டியாக ஓட்டுச்சில்லைக் கொட்டுகிற சத்தத்தோடு மெல்ல வந்தது.

"நாளைக்குப் பவனி வருது. அதுவரைக்கும் பொறுடி" என்றான் நுன்சியோ.

"எங்கப்பாவும் இப்படித்தான் பொறுத்தாரு. கடப்பாரைய எடுக்கிறியா, நானே மேல ஏறட்டுமா?"

அவளே ஏறினாள். ஓடு, உத்திரம், கதவு, ஜன்னல், நிலை, ஒன்றையும் விடவில்லை. மண்ணுக்குள் போவதற்கு அடுப்புக்காவது ஆகட்டும் என்று திராட்சைக் கொடிகளை வெட்டினாள். மூடிய தொட்டித் தண்ணீர்மேல் குழம்பு ஏறினால் வெடிக்கும் என்பதால் தொட்டியையும் இறைத்துக் கொட்டினார்கள். எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி, வைக்க இடமில்லாமல், வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள்.

கடைசியில் தரையைக் கழுவி, மேசையில் ரொட்டியும் ஒயினும் வைத்தாள். மலையிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து களைத்து வருகிறவள், பசியோடு நம் வீட்டுக்குள் நுழையக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. நானே அரை பாட்டில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் பவனி வந்தது. குழம்பு வெனெராவின் தோட்டத்துச் சுவரோடு நின்றுவிட்டது.

கோயில் மணி ஓயாமல் அடித்தது. ஜனங்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். வெனெரா மட்டும் கூரையில்லாத அறையில், தொடாமல் கிடந்த ரொட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி பொறுக்கச் சொன்னேன்" என்றான் நுன்சியோ. அதற்கப்புறம் அவளிடம் அவன் பேசி நான் கேட்டதில்லை. மீண்டும் ஜெர்மனிக்குப் போனான். இந்த வயதில் எவன் சூளை வேலை கொடுப்பான்? கக்கூஸ் கழுவுகிறான் என்று கேள்வி.

சேதம் பார்க்க வந்த அதிகாரி நல்ல மனுஷன்தான், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "மலை எடுத்த வீட்டுக்குத்தான்மா மாத்து வீடு. உங்க வீட்ட அது தொடவே இல்லையே."

"அப்ப இத யாரு இப்படிப் பண்ணினா?"

"நீங்கதானம்மா."

எதையும் காப்பாற்றாத எனக்குக் கடல் தெரிகிற மாதிரி இரண்டு அறை கிடைத்தது. எல்லாவற்றையும் காப்பாற்றியவள் ஒரு மூலைக்குத் தகரம் போட்டுக் குடியிருக்கிறாள். இதை நியாயம் என்று எவனாவது சொன்னால் செருப்பால் அடிப்பேன்.

ரொட்டிக் கடையில் பெண்கள் வாய் சும்மா இருக்குமா? "அகத்தம்மா மேல விசுவாசம் இருந்தா ஓட்டப் பிரிப்பாளா? நல்லா வேணும்." அதே பெண்கள்தான் வருஷா வருஷம் அவள் சுவரருகே வந்து முழந்தாளிட்டு நன்றி சொல்கிறார்கள். அங்கே அகத்தம்மாள் சுரூபம் வைக்கச் சின்னக் கெபி கூடக் கட்டியாயிற்று. அதற்கு ஓட்டுக் கூரை.

போன பவனியின்போது பங்குச்சாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரையே காப்பாத்தின இடம் உன் வாசல், வெனெரா. நீ பெருமப்படணும்."

"பெருமைக்கு என்ன சாமி கொறச்சல்? மழை பெஞ்சா வீட்டுக்குள்ளயே நனையிறேன்" என்றாள். சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

அன்றும் அவள் மேசையை வெளியே போட்டு ரொட்டியும் ஒயினும் வைத்தாள். அகத்தம்மாளுக்குக் காணிக்கை என்று எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் சுரூபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாற்காலியைக் கறுத்து உறைந்த குழம்பின் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். பிறகு மலையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

"ஏன்டி, வாசல் வரைக்கும் வந்துட்டு நின்னுட்ட? உள்ள வாடி. வந்து முடிச்சிட்டுப் போ."