கை நடுங்க வாங்கிய ரப்பர் பங்குகள்

சந்தைக்குப் போன என் கணவர் வெறும் பையுடன் திரும்பினார். "தேக்கா சந்தையில பேசிக்கிட்டாங்க. விடியக்காலையில அன்னம்மாள் டீச்சரம்மா தவறிட்டாங்களாம்" என்றார். என் மகள் அந்தப் பையை இழுத்துப் பழம் தேடினாள். நான் அவளைத் தூக்கி இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

நம் பெண்கள் பள்ளியில் படித்த, பணியாற்றிய நீங்கள் அவருடைய குரலையும் கண்டிப்பையும் அறிவீர்கள். அவர் உட்பட ஆசிரியைகள் நாங்கள் அறுவர் சேர்த்த பொதுச் சேமிப்பை அவர் காத்த கதை பலருக்குத் தெரியாது. அதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதுமைக்கும் நோய்க்கும் என்று மாதச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கினோம். வளையல் வாங்கி வைக்கலாம் என்றோம் நாங்கள். அன்னம்மாள் அக்கா வேறு வழி சொன்னார். பாதிப் பணத்துக்குப் பல ரப்பர் கம்பெனிகளின் பங்குகள். மறுபாதிக்கு வட்டி தரும் சர்க்கார் கடன் பத்திரங்கள். ஆண்டுதோறும் பொங்கல் கழிந்த வாரம், கூடியதில் கொஞ்சம் விற்றுக் குறைந்ததை வாங்கி, இரண்டையும் மறுபடி சமமாக்க வேண்டும். அறுவரும் ஒப்பினாலன்றி இந்த விதியை மாற்றக் கூடாது. "பங்கு நம்ம பணம் வளர்றதுக்கு. பத்திரம் நாம நிம்மதியா தூங்குறதுக்கு" என்பார்.

பிறகு ரப்பர் விலை வெறிபிடித்து ஏறியது. ரிக்‌ஷாக்காரர் முதல் வக்கீல் வரை அதே பேச்சு. பத்திரங்களை விற்று எல்லாவற்றையும் ரப்பரில் போடலாம் என்று ஐவரும் ஒரே பிடியாக நின்றோம். அக்காவோ, விதிப்படி பங்குகளில் ஒரு பகுதியை விற்றுப் பத்திரம் வாங்க வேண்டும் என்றார்.

"அக்காவுக்கு லாபம் வந்தாலே ஜுரம் வந்துடும் லா!" என்றார் எங்களில் ஒருவரான ரோஸம்மாள்.

"வரட்டும்டி. கஞ்சிக்குக் காசு பத்திரத்துல இருக்கு."

அவர் ஒருவர் ஒப்பாததால் விதி மாறவில்லை; ரப்பரில் கொஞ்சம் விற்றுப் பத்திரம் வாங்கினோம். சில நாள் யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை.

விலை ஏறிய வேகத்திலேயே விழுந்தது. என் கணவர் வேலை பார்த்த தரகுக் கம்பெனி மூடிவிட்டது. மகளுக்குப் பல் முளைக்கும் பருவம், ஓயாத காய்ச்சல். நான் அக்காவிடம் ஓடினேன்.

"என் ரப்பர் எல்லாத்தையும் வித்துக் குடுத்துடுங்கக்கா. பிள்ளைக்குப் பால் வாங்கணும்."

"பாலுக்கு எதுக்குடி ரப்பரை விக்கிறே, செல்லம்? இப்ப வித்தா விழுந்த விலைதான் வரும். பத்திரத்தை வித்துக்கோ. இந்த மாதிரி நேரத்துக்குத்தானே வாங்கினோம்?"

துறைமுகத்தில் கணவருக்கு வேலை கிடைக்கும்வரை என் பாகத்துக்குரிய பத்திரப் பணத்தில் அடுப்பெரிந்தது. ரப்பரை நாங்கள் தொடவில்லை.

அடுத்த தை வந்தது. விதிப்படி, மீதமிருந்த பத்திரங்களில் கொஞ்சம் விற்று, விழுந்து கிடந்த ரப்பரை வாங்க வேண்டும். ரோஸம்மாள் அழுதே விட்டார். இம்முறை அக்கா பக்கம் நானும் இருந்தேன். தரகர் அலுவலகத்துக்குத் துணையாகப் போனேன். பேனா பிடித்த அவர் கை நடுங்கியது.

"உங்களுக்குமாக்கா பயம்?"

"நான் என்ன கல்லா? கை நடுங்கட்டும். கையெழுத்து ஒழுங்கா விழுந்தா சரி."

நாங்கள் வைத்திருந்த கம்பெனிகளில் ஒன்று அடியோடு போயிற்று. மற்றவை மெல்ல எழுந்தன; பிறகு ஓடின. இந்தத் தையில் பார்த்தால், போட்டதைவிட நன்றாகவே கூடியிருந்தது! குதிரை வண்டி பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். "ராணி மாதிரி நிமிர்ந்து உக்காருங்கக்கா, இன்னிக்கு உங்க ஊர்வலம்" என்றார் ரோஸம்மாள். அக்கா உண்மையிலேயே நிமிர்ந்து, சாலையில் போவோருக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தார். பதிலுக்கு ஒரு போலீஸ்காரர் சலாம் வைத்தார்.

அன்னம்மாள் அக்கா அஞ்சாதவர் என்று அடக்கத்தன்று பலர் சொன்னார்கள். அப்படியில்லை, அவரும் அஞ்சினார், அஞ்சியபடியே செய்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். மகள் இருமினாலே பதறுகிறவள் நான். இந்த வயதில் அது மாறப்போவதில்லை. ஆனாலும் போன வாரம் ஐவரும் கூடி, அக்காவுக்குப் பதில் இனி யார் தரகரிடம் கையெழுத்துப் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, பேனாவை நான் கேட்டு வாங்கினேன்.