முதலாளி மகள் வேலை செய்யவில்லை

ஒரு திங்கட்கிழமை காலை, கோலாலம்பூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து மலாயில் பேசினார். "தேவிகா அங்கே வேலை செய்கிறாரா?" என்று கேட்டார்.

பீடோங் என்ற சிற்றூரில் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடும் கடையில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். போனில் பேச எனக்குக் கூச்சம். ஆனால் போன் என் மேசையில்தான் இருக்கிறது.

"இல்லை. வேலை செய்பவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். தேவிகா அனாக் தவுக்கே" என்றேன். முதலாளி மகள் என்று அர்த்தம். மரியாதையாகத்தான் சொன்னேன்.

தேவிகா எம்பிஏ படிக்க மனு செய்திருந்தது எனக்குத் தெரியாது. எட்டு வருட வேலை அனுபவம் என்று விண்ணப்பப் பாரத்தில் எழுதியிருந்தாள். மாலைக்குள் பதில் வந்துவிட்டது. அனுபவத்தை உறுதிப்படுத்த முடியவில்லையாம். கூட வேலை செய்தவர், அதுவும் குடும்பத்தில் இல்லாதவர், ஒரு வாரத்துக்குள் கடிதம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

"எட்டு வருஷமா நான் இங்க என்னக்கா பண்ணேன்?" என்று கேட்டாள்.

"கடையில இருந்தே பாப்பா."

"இருந்தேனா, வேலை செஞ்சேனா?"

எங்கள் பக்கம் அப்படித்தான் பேசுவோம். லாரி ஓட்டும் முனியாண்டி வேலைக்கு வருகிறார். முதலாளி மகள் கடையில் இருக்கிறது. முப்பது வயதானாலும் பாப்பாதான்.

முதலாளி ஏற்கனவே ஒரு கடிதம் கொடுத்திருந்தார். 'என் மகள் அடக்கமானவள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவாள்.' பதவி என்ன என்று மகள் கேட்டதற்கு, "டைரக்டர்னு போடு லா" என்றாராம். அவரும் டைரக்டர்தான். கூடாரத்துக்கு ஆணி அடிப்பதும் அவர்தான்.

கெடுத்தது நான் என்பதால் எழுதுவதும் நான் என்றானது. நான் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். முதலில் எழுதியதை முனியாண்டியிடம் வாசித்துக் காட்டினேன். நல்ல பிள்ளை, பொறுமைசாலி, பெரியவர்களை மதிக்கும்.

"அக்கா, இது பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குச் சொல்றது" என்றார் அவர். "அது என்ன பண்ணுச்சுன்னு எழுதுங்க. சிவப்பு கெமாவ மறந்துட்டீங்களா?"

கெமா என்றால் கூடாரம். ஒருமுறை ரப்பர் தோட்டத்தில் ஒரு சாவு வீட்டுக்குக் கல்யாணக் கூடாரம் போய்விட்டது. சிவப்புத் துணி, தங்கக் குஞ்சம். பதிவு செய்தது தேவிகாதான். எதற்கென்று அவள் கேட்கவில்லை, பேசியவரும் சொல்லவில்லை. அவளே அங்கு போய், ஏணியில் ஏறி, குஞ்சத்தையெல்லாம் அவிழ்த்தாள். மறுநாள் பத்து வெள்ளைக் கூடாரங்களைச் சாவு வீட்டுக்கென்றே தனியாக எடுத்து வைத்தாள். கல்யாண மாதத்தில் யார் கேட்டாலும் அவை வெளியே போகாது. வாடகை போகிறதே என்று முதலாளி ஒரு மாதம் மகளோடு பேசவில்லை. பிறகு சுங்கைப் பட்டாணி நகரம் வரை சாவு வீட்டுக்காரர்கள் எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

அவள் செய்த தப்பையும் சேர்த்து, எனக்குத் தெரிந்த மலாயில் எழுதி அனுப்பினேன்.

கடிதம் போனபின் அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்; அது கணினி வழியாக நடந்தது. தேவிகா ஸ்டோருக்குள் உட்கார்ந்து பேசிவிட்டு வெளியே வந்தாள்.

"என்னக்கா எழுதுனீங்க? வெள்ளை கெமாவப் பத்தியேதான் கேட்டாங்க. அப்பா வேணாம்னு சொன்னப்ப என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"ஒரு மாசம் பேசிக்காம ஒரே மேசையில சோறு சாப்பிட்டோம்னு சொன்னேன். சிரிச்சிட்டாங்க."

இடம் கிடைத்தது. முதலாளி பசாரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்து, மகள் இடத்துக்கு ஆள் தேட அறிவிப்பு எழுதச் சொன்னார். அவள் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதினேன். தாளின் பின்பக்கமும் நிரம்பியது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"இதுக்கு ரெண்டு பேரு வேணுமே" என்றார்.

"மூணு பேருண்ணே."

சொந்தக் கடையிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளே, பாரத்தில் யார் மகள், யார் மகன் என்று எழுதாதீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் கடையில் எது நின்றுபோகும் என்று எழுதுங்கள்.