புண்படுத்தியவள்

காலை ஏழு இருபதுக்கு என் மகள் அந்த ஸ்டேட்டஸைப் போட்டாள். பங்குனித் திருவிழாவுக்காக மாரியம்மன் கோயில் முன் அம்மனின் கணவனாக நட்டிருக்கும் மரக் கம்பத்துக்குப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் படம். அதன் கீழே அவள் எழுதியது: ‘கம்பத்துக்குத் தினமும் ரெண்டு குளியல். எங்க தெருவுக்கு வாரத்துல ஒரு நாள் தண்ணி.’

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சற்று நேரத்தில் பயம் வந்து அழிக்கச் சொன்னேன்; அழித்தாள். அதற்குள் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. ஊர்ப் பெண்களின் மனதைப் புண்படுத்திவிட்டாள் என்று யாரோ எழுத, அடுத்தடுத்து வந்தவர்களும் அந்தச் சொல்லையே எழுதினார்கள். என் கணவர் போர்வெல் வண்டியோடு ஒடிசாவில் இருந்தார். போனை எடுக்கவில்லை.

நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். புண் என்பது உடம்பில் வருவது. முழங்காலில், கொதி எண்ணெய் தெறித்த கையில். சீழ் பிடிக்கும், ஆறும், தழும்பாகும். என்றைக்கோ அதை மனதுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். மனது புண்பட்டது என்றால் ஆறுதல் சொல்லலாம். புண்படுத்தியது என்று சொல்லிவிட்டால் ஓர் ஆள் வேண்டும். அதன்பின் ஆறுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மதியம் பக்கத்து வீட்டு அக்கா சுவரோரம் வந்தார். “புள்ளைய ஊட்ட உட்டு வெளிய உடாதீங்க.” நான் நீட்டிய மோரைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல் வருத்தம் என்றால் அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

“நான் பொய்யாம்மா சொன்னேன்?” என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

வெயில் தாழ்ந்தால் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும் மேளம் கேட்கும். அன்று கேட்கவில்லை. கேட் திறக்கும் சத்தம்தான் கேட்டது. பூசாரி, தனியாக. செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அப்பறம் குடிக்கறனுங்க. பாப்பாவ ஒரு கொடம் தண்ணியோட கம்பத்துக்கு வரச் சொல்லுங்க. பாப்பா மொதல்ல ஊத்தட்டும்னு பொம்பளைங்க அத்தன பேரும் ஊத்தாம நிக்கறாங்க. நீங்க கூட வர வேண்டாமுங்க.”