உயிரியல் வகுப்பின் மேல் அப்பா போட்ட வழக்கு

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், கருவாட்டு வாடையும் மழையில் நனைந்த குளிர்ச்சட்டைகளின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, "கேஸ்" எழுதுபவரின் முன்னால் அப்பாவும் பதின்மூன்று வயதான நானும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த அந்த லா சப்பல் பகுதியில் அகதி விண்ணப்பம் எழுதுவிக்க வேண்டுமென்றால் பலரும் அவரிடம்தான் போவார்கள். அப்பா போனது என் பள்ளிக்கூடத்தின் மேல் வழக்குப் போட.

உயிர்களின் பரிணாமம் பாவமான படிப்பு என்று செவ்ரானில் நாங்கள் போகும் ஜெபக்கூட்டத்தில் யாரோ சொல்ல, அப்பா எனக்கு அந்தப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டு, பள்ளிக்கூடம் மறுத்திருந்தது. எனக்கோ அந்த வகுப்பென்றால் உயிர். வௌவாலின் சிறகெலும்பும் என் கையெலும்பும் ஒரே ஒழுங்கில் இருப்பதைப் படத்தில் பார்த்த அன்று முழுக்க, மேசைக்கடியில் என் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லத் துணிவில்லை.

எழுதுபவர், கைப்பழக்கத்தில், அகதி விண்ணப்பங்களுக்கு எழுதும் கடைசி வரியை "பெட்டிசம்" என்று அப்பா சொன்ன இந்த மனுவிலும் எழுதிவிட்டார்: திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து. பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத அப்பா கையெழுத்து வைத்தார். வாசிக்கத் தெரிந்த நான், வழக்குத் தோற்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீதிமன்றத்தில் நீதிபதி அம்மையார் அந்த வரியிலேயே நின்று, வகுப்புக்கு அனுப்புவதில் என்ன ஆபத்து என்று கேட்டார். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லாததால் என்னையே விட்டார்கள். கடிதமானாலும் வைத்தியரானாலும் அப்பாவுக்கு வாய் நான்தானே. அப்பா எழுந்து நின்றார்.

"தாய் மோட்சத்திலை இருக்கிறா எண்டு சொல்லித்தான் இவளை வளர்த்தனான். அதுவும் இல்லையெண்டு படிச்சிட்டு வந்தாளெண்டால், நான் இவளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

வன்னியில் நடந்த போரில் செல்குண்டு விழுந்து அம்மா செத்தபோது எனக்கு நான்கு வயது. அதை அந்நியர் முன்னால் சொல்ல வெட்கமாயிருந்தது, வகுப்பும் வேண்டியிருந்தது. ஆபத்து ஒன்றுமில்லை என்கிறார் என்று பிரெஞ்சில் சொன்னேன்.

வழக்குத் தள்ளுபடியானது. உணவகச் சமையலறையில் பழகிய அப்பாவின் பிரெஞ்சு, நான் சொன்ன "ஒன்றுமில்லை"யை விளங்கிக்கொள்ளப் போதுமாயிருந்தது. வீடிருந்த சார்செலில் ரயிலை விட்டு இறங்கும்போது அப்பா, "களைச்சுப் போனியா பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

நான் இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அப்பா தனக்கு வரும் கடிதங்களின் மேல் கைத்தொலைபேசியைப் பிடிக்க, அது தப்பும் தவறுமாய்த் தமிழில் சொல்கிறது. இஞ்சை தாங்கோ, நான் வாசிக்கிறன் என்றால், உனக்கேன் கரைச்சல் என்கிறார். அம்மா மோட்சத்தில் இருக்கிறா என்று அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நம்புவேனோ மாட்டேனோ, ஒருதரம் சொல்லமாட்டாரா என்று இருக்கிறது.