புது மெஷினுக்குள் பழைய மெஷின்

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீஸில் நான் கம்ப்யூட்டர் கிளார்க். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்து, கிள்ளானில் கோர்ஸ் முடித்து, அதே எஸ்டேட்டுக்கே வேலைக்கு வந்தவள். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த அக்காவும் நானும் சேர்ந்து, ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தோம். தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகக் கோத்துப் பிரிண்டரில் அடிக்கும். எஸ்டேட்டின் எந்தக் காட்டில் களை மருந்தடிக்கிறார்கள், எப்போது தண்ணீர் வராது என்பதெல்லாம் லயத்துச் சனம் அதில்தான் படித்தது.

புது கம்ப்யூட்டர் வந்தது. பழையது ஸ்டோருக்குப் போனது. பழைய புரோகிராம் எதுவும் புதியதற்குப் புரியாது. ஆபீஸின் தலைமைக் கிளார்க்கான பெரிய கிராணியிடம் போய்ச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர்.

"இங்கிலிஷில அடியும் பிள்ளை. மனேஜர் அப்பிடித்தான் சொல்லுறார்."

"லயத்துல யாருக்குங்கய்யா இங்கிலிஷ் தெரியும்?"

"தெரிஞ்ச ஆக்களிட்டக் கேக்கட்டும்."

நான் தமிழில் கையால் எழுதி ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்டினேன். மறுநாள் அது இல்லை, இங்கிலிஷில் அடித்த தாள்தான் இருந்தது. கையெழுத்து நோட்டீஸ் ஆபீஸுக்கு அழகில்லையாம்.

அடுத்த வாரம் மருந்தடித்த காட்டில் மேய்ந்து ஒரு மாடு செத்தது. எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்காவின் சினை மாடு. அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். மனேஜர் வெளியே வந்து பலகையைக் காட்டி மலாயில் கேட்டார்: "நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே, படிக்கவில்லையா?"

அக்கா அந்த இங்கிலிஷ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என்னோடு கோர்ஸ் படித்த தோழி கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் கடையில் இருந்தாள். போன் போட்டேன். "எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு லா," என்றாள். "புது மெஷினுக்குள்ள பழைய மெஷின் மாதிரியே நடிக்கும். ஒரே டிஸ்க்ல அடங்கிடும்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோரிலிருந்து பழையதைத் தூக்கி வந்து, புதியதோடு கேபிளில் இணைத்து, எங்கள் புரோகிராமை அவள் அனுப்பிய எமுலேட்டர் டிஸ்க்குக்கு மாற்றினேன். டிஸ்க்கைப் போட்டதும் புதுத் திரையில் பழைய கம்ப்யூட்டரின் வரவேற்பு வரி வந்தது. எருமை மாதிரி அசைந்து அசைந்துதான் ஓடியது. ஆனாலும் பிரிண்டர் கறகறவென்று தமிழை அடித்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா? இதற்கா ஒரு சினை மாடு செத்தது?

திங்கட்கிழமை பெரிய கிராணி பலகையில் தமிழ் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்தார். "கண்ட கண்ட டிஸ்க்கைப் போட்டு மெஷினைக் கெடுக்கப் போறீர். எடும் அதை!"

"மெஷின்ல எதையும் தொடலைங்கய்யா. டிஸ்க்கை எடுத்தா போயிடும். எடுத்துடுறேன். ஆனா இனிமே நீங்களே லயம் லயமாப் போய் மக்களுக்குப் படிச்சுச் சொல்லுங்க."

அவர் முகம் கறுத்தது. டிஸ்க்கைத் தொடாமல் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் தலைமை ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மனேஜர் பலகைக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, "எங்கள் புது கம்ப்யூட்டர் தமிழும் அடிக்கும்" என்றார். சிரிப்பு வேறு.

வாயை அடக்க முடியவில்லை. "புதுசு அடிக்கல சார். நீங்க ஸ்டோர்ல போட்டதுதான் உள்ள இருந்து அடிக்குது. மாடு செத்ததையும் சொல்லுங்க சார்" என்றேன், இங்கிலிஷில், எல்லார் காதிலும் விழும்படி.

மாத முடிவில் என்னை லோரி எடை போடும் கொட்டகைக்கு மாற்றினார்கள். தமிழ் நோட்டீஸ் மட்டும் நிற்கவில்லை. பெரிய கிராணி என்னிடம் ஆள் அனுப்பி, டிஸ்க்கை எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொண்டார். அவராக வந்து கேட்க மனம் வரவில்லை.

மாட்டைப் பறிகொடுத்த அக்காவுக்கு யாரும் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கித் தரவில்லை. நோட்டீஸ் ஒட்டியிருந்தோம் என்பதே ஆபீஸின் கடைசிப் பதில். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.