மெர்சி தோற்றுக்கொண்டிருந்த ஆட்டம்

1. மரத்தரையில் காலணி கிறீச்சிடும் சத்தம் வந்தது. பந்து சுவரில் மோதும் சத்தம் வரவில்லை.
2. ஸ்குவாஷ் கோர்ட்டின் பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே மெர்சி மட்டும் மட்டையோடு ஓடிக்கொண்டிருந்தாள்.
3. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் ஒதுங்கி நின்று, யாரோ அடிப்பதற்கு இடம் விட்டாள்.
4. புள்ளிகளை வாய்விட்டுச் சொன்னாள். அந்தக் கணக்குப்படி அவள் தோற்றுக்கொண்டிருந்தாள்.
5. பங்குனி மாதத்து மதியம், ஏசி ஓடாத அறை. அவள் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

இது நடந்தது சென்னைக்கு வெளியே, தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில், வெளிநாட்டு மேலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பின் கிளப்பில். என் அம்மா அங்கே கேன்டீனில் சமைத்தார். மேலாளர்கள் எல்லாரும் பிளான்டில் இருக்கும் மதியங்களில், சுவரில் பந்தடித்து ஆடும் ஸ்குவாஷ் கோர்ட் சும்மா கிடந்ததால், வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் ஆடிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஏசியை மட்டும் போட மாட்டார்கள். விடாமல் வந்தவர்கள் நானும், என்னோடு ஒட்டிக்கொண்டு வந்த, எங்கள் ஊர் வல்லம் வடகாலில் பக்கத்து வீட்டுக்காரியான மெர்சியும்தான். "உச்சி நேரத்துல மூடுன ரூம்ல தனியா இருக்காதீங்கடி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார், நாங்கள் சிரிப்போம்.

சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து ஒரு கோச் வருவார். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் மட்டையைத் தொடக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லியோ தயிர்சாதமோ, கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், இடையிடையே உப்பும் சர்க்கரையும் கரைத்த எலுமிச்சைத் தண்ணீர் என்று அவர் சொன்னதையெல்லாம் அம்மா கேன்டீனிலிருந்து எங்களுக்குத் தந்துவிடுவார். இரண்டாவது விதி, "நிழல் ஆட்டம்": பந்தே இல்லாமல் கோர்ட்டின் மூலைகளுக்கு ஓடி, அடிப்பதுபோல் மட்டையை வீசி, ஒவ்வொரு முறையும் நடுவிடத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்குவாஷில் நடுவிடத்தைப் பிடித்தவர்தான் ஆட்டத்தைப் பிடித்தவர்.

அந்த ஆண்டு மாநில அணித் தேர்வுக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்றார் கோச். தேர்வானவர்களை விளையாட்டு விடுதியில் சேர்த்துப் படிக்கவைப்பார்கள். எனக்கு அது ஒரு போட்டி, அவ்வளவுதான். மெர்சிக்கு அப்படி இல்லை. அவளுடைய அம்மா ஒரு கம்பெனியில் கார்களுக்கு வயர் கட்டும் லைனில் நின்று நின்று கால் வீங்கியவர். "பன்னெண்டாவது முடி, உன்னையும் லைன்ல சேத்துவுட்டுடறேன்" என்று நாள் தவறாமல் சொல்பவர்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியது. அவர்கள் வீட்டில் கறி, மீன் நிறுத்துவது வழக்கம். பெரியவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவார்கள். மெர்சி அதன்மேல் தானாக ஒரு நேர்த்தியைக் கூட்டிக்கொண்டாள். பொழுது சாயும்வரை பல்லில் தண்ணீர்கூடப் படக்கூடாது. அப்படி இருந்தால் தேர்வு கிடைக்கும். அவளுடைய வாழைப்பழம் கேன்டீன் ஜன்னலிலேயே கறுத்துக் கிடப்பதைப் பார்த்துக் கேட்டபோதுதான் சொன்னாள்.

"கோச்சு சொன்னது இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"கோச்சு பெருசா, மாதா பெருசா? நீ துன்னு. துன்னுட்டு ஆமை மாரி ஓடு."

அம்மாவிடம் சொன்னேன், அம்மா அவள் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். "சாமிக்கு நேந்துகினா நாம இன்னாக்கா சொல்றது" என்று அவளுடைய அம்மா கையை விரித்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை கோச் எதுவும் தெரியாமல் மெர்சியைப் பாராட்டினார். அவளுடைய கால்கள் உண்மையில் லேசாகியிருந்தன. ஓடும்போது தரை அதிரவே இல்லை. அடுத்த வாரம், நான் நடுவிடத்தில் நின்று நிழல் ஆட்டம் தொடங்கப்போகையில் சாதாரணமாகச் சொன்னாள்:

"அங்க நிக்காத, அவ நிக்கிறா."

"யாரு?"

"தெரியல. நல்லா துன்னுட்டு வர்றா போல, மூச்சே வாங்கல."

என்னைப் பயமுறுத்த விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன், அந்த மதியம்வரை.

கதவைத் திறந்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். திரும்பாமலே, "இரு, கேம் பால்" என்றாள். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடியும் என்று அர்த்தம். பிறகு, "அவளுக்கு" என்றாள். உதடு வெடித்து வெள்ளையாகியிருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன்; அனலாகச் சுட்ட அந்தக் கை உதறிக்கொண்டு போனது. வேறு வழி தெரியாமல் நடுவிடத்தில் போய் நின்று, கையைத் தூக்கி, "லெட்" என்றேன். ஒருவர் மற்றவருக்குக் குறுக்கே வந்துவிட்டால் அப்படிக் கேட்பது வழக்கம். ஆட்டம் அங்கேயே நிற்கும், அந்தப் புள்ளியை மறுபடி ஆட வேண்டும். நான் கைதூக்கி நின்றபோது என் முதுகுப் பக்கம் மட்டும் குளிர்ந்ததற்கு இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.

மெர்சி நின்றாள். மட்டையைத் தாழ்த்தினாள். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

நான் போட்ட கூச்சலில் அம்மா எலுமிச்சைத் தண்ணீரோடு ஓடிவந்தார். மெர்சிக்கு நினைவு இருந்தது, குடிக்கத்தான் மாட்டேன் என்றாள். "நேர்த்தி, ஆன்ட்டி" என்று முனகினாள்.

"நேந்துகினது நீ. குடிக்க வைக்கிறது நான். பாவம் எனக்கு வரட்டும், வாயத் தொறடி" என்றார் அம்மா.

குடித்தாள். கம்பெனி ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் சற்று நேரம் ஆடியிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தேர்வுக்கு என்னை அனுப்பினார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினேன்.

இப்போது நான் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் ஒரு கிடங்கை ஆய்வு செய்யப் போனால், அது அந்த கோர்ட். மரத்தரையைப் பெயர்த்துவிட்டார்கள், சுவரில் சிவப்புக் கோடுகள் மட்டும் மிச்சம். அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தார்கள், நடுவிடத்தை மட்டும் விட்டு. ஏன் என்று கேட்டேன். "வண்டி திரும்ப எடம் வோணும்ல மேடம்" என்றார் ஸ்டோர்காரர். சரியான காரணம்தான்.

மாலையில் மெர்சியிடம் போனில் சொன்னேன். "நீ லெட் கேட்டியே, அந்தப் பாயிண்ட்ட நானும் அவளும் இன்னும் ஆடலடி" என்றாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

இன்றைய நிலவரம் இது. கிளப் இல்லை. மெர்சி வயர் லைனில்தான் சேர்ந்தாள். இப்போது அதில் சூப்பர்வைசர், சாப்பிடாமல் வரும் பெண்ணை லைனில் நிற்கவிட மாட்டாள். உடம்பு நன்றாக இருக்கிறது. மட்டையைத் தொடுவதில்லை. நடுவிடம் காலியாக இருக்கிறது.