எம்.பி. ஐயாவுக்குப் பாடிய தாலாட்டு

தொட்டில் ஆட்டுகிறவளுக்குத் தூக்கமும் வரக்கூடாது, அழுகையும் வரக்கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் தோட்டத்து மருத்துவச்சி சூசையம்மா. என் கடைக்குட்டிக்குப் பால் மறக்கடித்த வருஷம், கஹவத்தைக்கு மேலே தேயிலையும் ரப்பரும் இருந்த ஒரு தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக நான் வேலைக்குச் சேர்ந்த காலையில் சொன்னார். எனக்கு இரண்டுமே வந்தது. பிறத்தியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் வந்திருக்கும், எனக்குத் தெரியும்.

விசில் மூச்சு

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்ததும் பெண்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். எல்லாவற்றையும் ஒரே கயிற்றால் பிணைத்து, அதன் நுனியை என் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வேன். காலை அசைத்தால் எல்லாத் தொட்டிலும் ஆடும். வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும். இரத்தினபுரிப் பக்கத்து மழைக்கு அவசரமே கிடையாது. ரப்பர் மரங்களுக்குள் பனி வந்து படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மழை எது, பிள்ளைகளின் மூச்சு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முருகா, முருகா என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு நானும் எங்கோ போய்விடுவேன். கால் மட்டும் தோட்டத்தில் இருக்கும்.

அத்தனை மூச்சுக்குள்ளும் ஒன்று மட்டும் விசில் மாதிரிக் கேட்கும். அது செல்லம்மாவின் மகள் சாந்தி. பிறந்ததிலிருந்தே இழுப்பு. செல்லம்மாவுக்குப் புருஷன் இல்லை, அந்த ஒரு பிள்ளைதான். மத்தியானம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவருவாள். உள்ளே வராமல் கதவோரம் நின்று காதைக் கொடுத்துக் கேட்பாள். ஒரு நாள் அப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"சத்தம் கேக்குதுக்கா. சத்தம் கேட்டா புள்ள இருக்குன்னுதானே அர்த்தம். நான் போறேன்."

மருந்தய்யாவின் கண்ணாடி

அந்த வருஷ மழையில் இழுப்பு கூடிப்போனது. செல்லம்மா வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு லயத்து வீட்டிலேயே உட்கார்ந்தாள். நாளாக நாளாக, தோட்டத்துப் பதிவில் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் போனால் தோட்டத்து மருந்தும் போச்சு. பிள்ளைக்கு வருத்தம் என்று வீட்டில் நின்றாள், வீட்டில் நின்றதாலேயே பிள்ளைக்கு மருந்து இல்லை என்றாகிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், தோட்டத்து ஆளா, தோட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வாங்கிவா என்று திருப்பி அனுப்பினார்கள்.

நான் அவளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தய்யாவிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், கடுகடுத்த ஆள் இல்லை. பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"இண்டைக்குப் போத்திலுக்கை கொஞ்சம் ஊத்தித் தாறன் பிள்ளை. நாளைக்கும் வந்தால் என்ர பேரையும் வெட்டிப்போடுவாங்கள்."

தலைவர் கொண்டுவந்த சேதி

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் தொழிற்சங்கத் தலைவர் ராமையா ஒரு சேதி சொன்னார். கொழும்பில் ஒரு காப்புறுதி பற்றிப் பேச்சு நடக்கிறதாம். எல்லார் சம்பளத்திலும் கொஞ்சம் பிடித்து, தோட்டமும் தன் பங்கைப் போட்டு, ஒன்றாய் வைப்பார்களாம். லயத்தில் யாருக்கு நோய் வந்தாலும், பேர் வெட்டினவளாக இருந்தாலும், எந்த ஆஸ்பத்திரியிலும் பார்ப்பார்களாம். அது சட்டமாக வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் கை தூக்க ஆள் வேண்டும். நம் பகுதி எம்.பி.யிடம் யாராவது போய்க் கேட்க வேண்டும்.

காளியம்மா எழுந்து நின்றாள். எங்கள் லயத்திலேயே அதிகக் கொழுந்து எடுக்கிறவள் அவள்தான். "நான் கல்லு மாதிரி இருக்கேன் தலைவரே. என் சம்பளத்துல எதுக்குப் பிடிக்கணும்?" என்று கேட்டாள். எல்லாருக்கும் பின்னால், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற செல்லம்மாதான் பேசினாள்.

"போன வருஷம் நானும் கல்லு மாதிரித்தான் இருந்தேன், காளிக்கா."

சோமா அக்காவின் பாடம்

எம்.பி. ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. தலைவருக்குச் சிங்களத்தில் சண்டை போட வரும், கெஞ்ச வராது. கடைசியில் என் தலையில் கட்டினார்கள். எனக்கோ சந்தைச் சிங்களம்தான். கருவாட்டுக்கு விலை பேசலாம், பெரிய மனுஷரிடம் பேச முடியுமா? கீழ் நாட்டுச் சிங்களக் கிராமத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ரப்பர் பால் வெட்ட வருகிற சோமாவதிதான் மரியாதையான சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுங்கள் ஐயா என்பதற்கு, "அப்பே லமயின்டத் பெஹெத் தென்ன, மந்த்ரீதுமனி." அதற்குப் பின்னால் காப்புறுதி, கை தூக்குவது என்று இன்னும் நாலைந்து வரி.

மூன்றாம் வகுப்போடு நின்ற மண்டையில் அது நிற்குமா? காலையில் சொன்னால் மத்தியானம் பறந்துவிடும். அதனால் அதை என் தாலாட்டு ராகத்தில் போட்டுவிட்டேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பாடினேன். பிள்ளைகள் முன்னைவிடச் சீக்கிரமாகவே கண் மூடின. அந்தப் பாட்டு எனக்கே ஒரு மயக்கமாக இருந்தது. கனவில்கூட யாரோ மலைக்கு அந்தப் பக்கம் இருந்து அதைப் பாடுகிற மாதிரிக் கேட்கும். பால் வாளியோடு சன்னல் பக்கம் வந்த சோமா ஒரு நாள் கேட்டுவிட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"அக்கே, எம்.பி. மஹத்தயா தூங்கிட்டா யாரு கை தூக்குறது?"

பெல்மதுளை வாசல்

நான், செல்லம்மா, அவள் இடுப்பில் சாந்தி, காளியம்மா, வெற்றிலைக் கட்டோடு சோமா. பஸ் பிடித்து பெல்மதுளைக்குப் போனோம். எம்.பி. வீட்டு வாசலில் நல்ல கூட்டம். பெஞ்சில் இருந்த ஒரு ஐயா ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டுக்கொண்டு வந்தார். எங்களிடமும் கேட்டார். எங்களுக்கு ஏது ஓட்டு? அப்போது எங்களுக்குப் பிரஜாவுரிமையே இல்லை. ஒதுங்கி நில் என்று கையைக் காட்டினார். சோமா வெற்றிலைக் கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, என் வீட்டு ஓட்டெல்லாம் இவங்களோடதான் வந்திருக்கு, உள்ளே விடுறதா இல்லையா என்று கேட்டாள். விட்டார்.

எம்.பி. ஐயா சாய்வு நாற்காலியில் விசிறியோடு இருந்தார். பேசு என்றார். நான் வாயைத் திறந்தேன். ராகம் இல்லாமல் அந்தச் சிங்களம் எனக்கு வரவே மாட்டேன் என்றது. முருகா என்று கண்ணை மூடினேன். சிமெந்துத் தரையில் என் கால் தானாக அசைய ஆரம்பித்தது. பாடிவிட்டேன். முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஓட்டுக்கூரை மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் பிள்ளைக்காம்பராவில் பெய்கிற அதே மழைதான். நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோய், கடைசி வரி வரைக்கும் பாடினேன். கண்ணைத் திறந்தால், சாந்தி அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எம்.பி. ஐயாவின் விசிறி அசையவில்லை. இன்னொரு தடவை பாடு என்றார். பாடினேன். பிள்ளையின் மூச்சைக் குனிந்து கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

செல்லம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காரியம் முடிந்தது, போகலாம் என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. தமிழில்தான் சொன்னாள். சோமா அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள்.

"சாந்திக்குத் துண்டு குடுத்தீங்க சாமி, நீங்க நல்லா இருக்கணும். துண்டு கெடைக்காத பிள்ளைக்கு இழுப்பு வந்தா, அது எந்த வாசல்ல போய் நிக்கும்?"

கஹவத்தை பஸ் ஸ்டாண்டில்

கை தூக்குகிறேன் என்று எம்.பி. ஐயா சொன்னார். தூக்க ஒரு நாள் வந்ததா, தூக்கினாரா, எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அடுத்த எலெக்ஷனில் அவரே தோற்றுப்போனார். சாந்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விசில் குறைந்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் அந்தத் துண்டு அந்த ஒரு மழைக்குத்தான். அடுத்த மழைக்கு வேறு வாசல், வேறு துண்டு. அவள் வளர்ந்ததே அப்படித்தான். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, பெயர்ப்பலகை மாறியது, காப்புறுதி மட்டும் பேச்சாகவே இருந்தது.

பிறகு செல்லம்மாவை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற அரசாங்கப் பத்திரம் வந்தது. கஹவத்தையில் பஸ் ஏற்றிவிடப் போனேன். பனி இன்னும் கலையாத நேரம். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த சாந்தி இரட்டைச் சடை போட்ட பெரிய பெண்ணாகியிருந்தாள். மூச்சில் லேசான சத்தம். செல்லம்மா என் கையை விடாமல் கேட்டாள்.

"அங்கேயும் போய் இப்படிக் கேக்கணுமாக்கா, இல்ல கேக்காமலே குடுப்பாங்களா?"

என் பிள்ளைகள் நாலு பேரும் தலையெடுத்துவிட்டார்கள், எனக்கும் ஓட்டு வந்துவிட்டது. ஊரார் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்க முடிந்த எனக்கு, எம்.பி.மாரில் ஒருவரின் கையை மேலே தூக்க வைக்க மட்டும் இன்னும் முடியவில்லை.

உங்கள் எம்.பி.யைப் பார்க்கப் போனால், உங்கள் காரியம் முடிந்த பிறகு ஒரு நிமிஷம் நின்று, இந்தக் காப்புறுதிக்கும் கை தூக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.